குரைக்காத இனம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். தவறானால் பதிலில் திருத்தவும்.

சென்ற மாதம் இருபதாம் தேதி மாலை நாலே முக்கால் மணிக்கு, யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, தெளிந்த மனநிலையில், ஒரு நாய்க்குப் பிஸ்கட் போடுவதென்று முடிவெடுத்தேன். முப்பத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளனாக உட்கார்ந்து பிறர் எடுத்த முடிவுகளையே எழுதிக்கொண்டிருந்தவன் நான். கல்யாணம் வேண்டாம் என்பதுகூட நான் எடுத்த முடிவல்ல, தானாக ஆனது. ஆகவே இதை என் வாழ்க்கையின் முதல் முடிவு என்றே சொல்லலாம். நாய் பிஸ்கட்டைத் தின்றது. என் பின்னால் இரண்டு மாடி ஏறி வந்தது. கதவுக்கு உட்புறம் படுத்துக்கொண்டது. மேல்முறையீட்டுக்கு இடமில்லாமல் விஷயம் முடிந்துவிட்டது.

ஒரே சிக்கல், எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் விதி எண் பதினான்கு. "குரைக்கும் நாய்களை வளர்க்கக் கூடாது." நாய் வந்து பதினோரு நாளாகிறது. இதுவரை ஒரு தடவைகூடக் குரைக்கவில்லை. உலகத்தில் குரைக்காத இனம் என்று ஏதாவது உண்டா? நீ நூலகத்தில் கலைக்களஞ்சிய அறையிலேயே உட்கார்ந்திருக்கிறாய். பார்த்து எழுது.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆறு மாதமாக மணி அடிப்பதே இல்லை. புகார் கொடுத்தேன். ஆள் வந்து பார்த்துவிட்டு, கோளாறு ஒன்றும் இல்லை என்று கையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டான். அதனால் என்ன, இங்கே எல்லாம் மிகவும் அமைதியாகிவிட்டது. தெருவில் வண்டிகள்கூடச் சத்தமில்லாமல் ஓடுகின்றன. முன்னேற்றம் என்பது இதுதான்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


மார்ச் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் அத்தானுக்கு முழங்கால் தொல்லை. எனக்கு உன் அத்தான் தொல்லை. மற்றபடி நலம்.

குரைக்காத இனம் ஒன்று இருக்கிறது. பசென்ஜி என்று பெயர். ஆப்பிரிக்காவின் உள்பகுதியிலிருந்து பண்டைய எகிப்து அரசர்களுக்குக் காணிக்கையாக வந்ததென்று சொல்கிறார்கள். கல்லறைச் சுவர்களில் அரசரின் நாற்காலிக்கு அடியில் வால் சுருண்ட நாய் ஒன்று உட்கார்ந்திருக்கிறதே, அதன் வழி என்கிறார்கள். குத்திட்ட காது, நெற்றியில் சுருக்கம், முதுகின்மேல் சுருண்ட வால். பூனைபோலத் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். ஊமையில்லை. பாட்டும் ஊளையும் கலந்த மாதிரி ஒரு குரல் உண்டாம்.

ஆனால் ஒரு பிஸ்கட்டுக்காக இரண்டு மாடி ஏறி வந்தது அரச வம்சம் என்று நம்ப எனக்குக் கொஞ்சம் அவகாசம் கொடு.

போன் விஷயம் எனக்குப் புரியவில்லை. நான் கூப்பிட்டபோதெல்லாம் இந்தப் பக்கம் மணி அடிப்பது நன்றாகக் கேட்டது. நீதான் எடுக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அத்தானின் முழங்காலுக்கு என் அனுதாபங்கள். உனக்கும்.

உன் கடிதத்தை ஒரு கையிலும் நாயை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டேன். பொருத்தம் திகைக்க வைக்கிறது. நெற்றிச் சுருக்கம் இருக்கிறது. காதுகளில் ஒன்று குத்திட்டு நிற்கிறது. மற்றது அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறது. வால் இன்னும் சுருளவில்லை, ஆனால் சுருளவேண்டும் என்ற எண்ணம் நுனியில் தெரிகிறது. தன்னைத் தானே நக்கிக்கொள்கிறது. என்னையும் நக்குகிறது, அது இனத்தோடு சேராத தனிப்பட்ட பழக்கமாக இருக்கலாம்.

நேற்று முறைப்படி ஒரு விசாரணை நடத்தினேன். காலை ஆறு முதல் ஏழு வரை ஜன்னலருகே அதற்கு எதிரில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். நாற்பத்தொரு முறை வாயைத் திறந்தது. ஒரு முறைகூடச் சத்தம் வரவில்லை. எல்லாம் கொட்டாவி. ஒவ்வொரு கொட்டாவிக்கும் முன்கால் இரண்டும் தரையைவிட்டு எழும்புகின்றன. அரச வம்சத்துக் கொட்டாவிக்கு அப்படி ஒரு தோரணை உண்டு போலிருக்கிறது.

இதற்கிடையில் எதிர்வீட்டுப் பாட்டு டீச்சர் சங்கத்தில் புகார் கொடுத்திருக்கிறார். நாய் காலையில் குரைத்து அவருடைய வகுப்பைக் கெடுக்கிறதாம். எந்த வகுப்பு? அந்த வீட்டிலிருந்து பாட்டுச் சத்தமே வந்து ஒரு வருடமாகிறது. மாணவிகள் யாரும் வருவதில்லை போலிருக்கிறது. பாவம், அந்த எரிச்சலை நாய்மேல் காட்டுகிறார். நான் பெருந்தன்மையாக இருக்கிறேன்.

சங்கச் செயலாளர் நேரில் வந்தார். ஓய்வு பெற்ற நில அளவையாளர். இப்போதும் ஆளைப் பார்த்தால் நாலு மூலையும் அளந்துவிட்டுத்தான் பேசுவார். வெகுநேரம் வாயை அசைத்தார். இந்தக் காலத்தில் யாரும் தெளிவாகப் பேசுவதில்லை அக்கா, எல்லாரும் வாய்க்குள்ளேயே முனகுகிறார்கள். எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாய்க்கு அதன் பூர்வீகத்துக்குத் தகுந்த பெயர் ஒன்று தேவை. பார்த்துச் சொல்.

உன் தம்பி


ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். முழங்காலும் ஓரளவு நலம்.

எகிப்தியர்கள் நாய்களுக்குப் பெயர் வைத்துத் தோல் பட்டையிலும் கல்லிலும் எழுதினார்களாம். "வீரன்", "நம்பத்தகுந்தவன்", "வடகாற்று". கற்பனை தீர்ந்துபோன ஒரு வீட்டில் "ஐந்தாவது". இன்னொரு நாயின் பெயருக்கு, அறிஞர்கள் கூடி ஆராய்ந்து சொன்ன பொருள், "உதவாக்கரை". நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் அங்கேயும் ஓர் அப்பா இருந்திருக்கிறார். உன்னை அப்பா கூப்பிட்ட பெயரை நாய்க்கு வைப்பதில் உனக்கு ஆட்சேபம் இல்லையென்றால், அதையே வைத்துக்கொள்.

வீட்டு நாய் செத்துப்போனால் குடும்பத்தோடு உடம்பு முழுவதும் தலை உட்பட மழித்துக்கொள்வார்களாம். உனக்குப் பாதி வேலை மிச்சம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். எகிப்து அரசர்களின் பட்டப்பெயரில் பாரோ வேட்டைநாய் என்று ஒன்று இருக்கிறது. சந்தோஷம் வந்தால் அதற்கு மூக்கும் காதும் வெட்கப்பட்ட மாதிரி சிவக்கும். எகிப்து ஓவியத்திலிருந்து எழுந்து வந்த மாதிரியே இருக்கும். கடைசியில் மரபணுவைச் சோதித்துப் பார்த்தால், எகிப்துக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு தெரியவில்லையாம். பார்த்தால் தெரிகிற பொருத்தத்தை முழுக்க நம்பக் கூடாது.

இப்போது என் கேள்விகள். கொட்டாவி விடும்போது நாயின் தலை முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா? பாட்டு டீச்சரைத் தவிர வேறு யாராவது குரைப்பதாகச் சொன்னார்களா? வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. இன்னும் இரண்டு வருடம் சர்வீஸ் இருந்ததே, ஏன் விட்டாய் என்று நீ இதுவரை எனக்குச் சொல்லவில்லை.

அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பெயர் சூட்டியாயிற்று. உதவாக்கரை என்று கூப்பிட்டால் நாய் வருகிறது. பழக்க தோஷத்தில் நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

தலை முன்னால் போகிறது. ஒவ்வொரு தடவையும் வெடுக்கென்று போகிறது. குரைப்பதாக இதுவரை ஒன்பது வீட்டார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மொத்தம் பன்னிரண்டு வீடு. மீதி மூன்றில் ஒன்று டீச்சருடையது, ஒன்று பூட்டிக் கிடக்கிறது, ஒன்று என்னுடையது. ஒரு பெண்மணி நினைத்தால் ஒரு கட்டிடத்தையே எப்படித் திருப்பிவிட முடிகிறது பார்.

மே மாதம் பத்தாம் தேதி பொதுக்குழு. அன்று நாய் குரைக்காத இனம் என்று நான் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏழு நாளில் நாயை வெளியேற்ற வேண்டும். நோட்டீஸில் "வெளியேற்ற" என்பதற்குக் கீழே அளவுகோல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்கள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். இந்த நாய் வந்த பிறகு வீடு சௌகரியமாக இருக்கிறது. முன்பெல்லாம் பால்காரர் மணியடிக்காமலே போய்விடுவார். தபால்காரரும் அப்படித்தான். இப்போது உதவாக்கரை என் கையை நக்கி, சட்டையைப் பிடித்து இழுத்து, வாசலுக்குக் கூட்டிப்போகிறது. கதவைத் திறந்தால் யாராவது நிற்கிறார்கள். சென்ற வாரம் அடுப்பில் குக்கரை வைத்துவிட்டுப் படித்துக்கொண்டிருந்தேன், அது வந்து என்னை எழுப்பி அடுப்படிக்கு இழுத்துப் போயிற்று. இந்த முன்னறிவு பண்டைய எகிப்தின் பூசாரிகளோடு பழகியதால் வந்ததாக இருக்கலாம். எப்படியானாலும் அதை அனுப்ப என்னால் முடியாது.

கலைக்களஞ்சியப் பக்கத்தை நகலெடுத்து நூலக முத்திரை குத்தி அனுப்பு. முத்திரை தெளிவாக விழட்டும்.

உன் தம்பி


ஏப்ரல் 28

அன்புள்ள தம்பிக்கு,

நகல் இத்துடன் இருக்கிறது. முத்திரையை மூன்று இடத்தில் குத்தியிருக்கிறேன். கலைக்களஞ்சியம் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டதல்ல, ஆகவே அதில் உள்ளதற்கு அது பொறுப்பு. உன் நாய்க்கு நீ பொறுப்பு.

மூன்று கேள்வி கேட்டேன். நீ இரண்டுக்குத்தான் பதில் சொன்னாய். மூன்றாவதை நான் மறக்கவில்லை.

நேரில் வந்துவிடலாம் என்று பார்த்தேன். இந்த மனுஷர் மாடிப்படியைக் கண்டாலே உட்கார்ந்துவிடுகிறார். விட்டுவிட்டு வரவும் முடியவில்லை.

ஒன்றே ஒன்று. காகிதத்தைக் காட்டு, பேசு, வாதாடு. நாயை மட்டும் கூட்டத்துக்குக் கூட்டிப்போகாதே.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று சொன்னால் போதாது, வெற்றி.

நாயைக் கூட்டிப்போனேன். சாட்சி இல்லாத வழக்கு எங்கே நின்றிருக்கிறது? கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் பாட்டு டீச்சர், பக்கத்தில் செயலாளர். நான் எழுந்து உதவாக்கரையின் கயிற்றை இடது கையிலும் உன் நகலை வலது கையிலும் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினேன். கல்லறை ஓவியம், அரசரின் நாற்காலி, படகில் வந்த காணிக்கை, மூன்று முத்திரை, ஒன்றையும் விடவில்லை.

இவ்வளவு கவனமான கூட்டத்தை நான் நீதிமன்றத்திலும் கண்டதில்லை. ஆரம்பத்தில் சிலர் காதில் விரலை வைத்து, நான் சொல்வது தவறிவிடக் கூடாதே என்று முன்னால் சாய்ந்து கேட்டார்கள். நாய்க்குப் புது இடம் அல்லவா, விடாமல் கொட்டாவி விட்டது. நான் அதைச் சுட்டிக்காட்டி, "பாருங்கள், இத்தனை அந்நியர்களைக் கண்டும் எவ்வளவு மௌனம்" என்றேன். அதற்குப் பிறகு ஒருவரும் அசையவில்லை. காதிலிருந்து விரலை எடுத்துவிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். பாட்டு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். வாதம் அவ்வளவு தைத்துவிட்டது.

வாக்கெடுப்பில் முதலில் கையைத் தூக்கியவர் பாட்டு டீச்சர்தான். தோற்றவர்கள் பெருந்தன்மையாக நடந்துகொள்வது அபூர்வம். தீர்மானம் எண் ஏழு: "இரண்டாம் மாடி உறுப்பினரின் நாய் குரைக்காத இனத்தைச் சேர்ந்தது என இச்சங்கம் ஏகமனதாக ஏற்கிறது." கூட்டம் முடிந்ததும் டீச்சர் என் கையைப் பிடித்து ஏதோ முனகினார். வாழ்த்தாகத்தான் இருக்கும்.

அத்தானுக்கு இதைப் படித்துக் காட்டு.

உன் தம்பி


மே 25

தம்பி,

உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். முதல் தடவை இருவரும் சிரித்தோம். இரண்டாவது தடவை படிக்கச் சொன்னார். அப்போது சிரிக்கவில்லை.

நான் எதையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் நீ வாதாடுவாய், அதில் உன்னை ஜெயிக்க முடியாதென்று ஒரு சங்கமே தீர்மானம் போட்டிருக்கிறது. ஒரே ஒரு சோதனை செய். நாளைக் காலை ஆறு மணிக்கு உதவாக்கரை கொட்டாவி விட ஆரம்பிக்கும்போது பக்கத்தில் உட்கார். அதன் தொண்டையில் உள்ளங்கையை வை. அப்படியே வைத்துக்கொண்டிரு.

பிறகு நடந்ததை எழுது. நீதிமன்றத்தில் எழுதுவாயே, ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல், அப்படி. நாய் எந்த இனமாக இருந்தாலும் நீ என் தம்பிதான்.

அக்கா


ஜூன் 21

தம்பி,

இருபத்தேழு நாளாகிறது. தபால்காரரைக் கண்டால் உன் அத்தான் முழங்காலை மறந்து எழுந்து வாசலுக்குப் போகிறார். வைத்தியத்துக்கு இது நல்லதுதான், எனக்கு நல்லதாக இல்லை.

ஒரு வரி போதும்.

அக்கா


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதித்ததற்கு மன்னிக்கவும். சோதனை கடிதம் வந்த மறுநாளே நடந்தது. குறிப்பு வருமாறு.

காலை 6.02. நாய் வாயைத் திறந்தது. உள்ளங்கையில் அதிர்ந்தது. 6.03. மறுபடி. கை முழுக்க அதிர்ந்தது, மணிக்கட்டு வரை. 6.10 வரை எடுக்கவில்லை. அதற்கு மேல் குறிப்பு இல்லை. நாய் வாயை மூடிக்கொண்டு என் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது.

உன் மூன்றாவது கேள்விக்குப் பதில். போன வருடம் நீதிபதி ஒரு வழக்கைத் தள்ளிவைத்தார். நான் தள்ளுபடி என்று எழுதினேன். "தள்" வரைக்கும் காதில் விழுந்தது. மிச்சத்தைக் கை தானாக எழுதிக்கொண்டது. வழக்குப் போட்டிருந்த மனிதர் தாழ்வாரத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் திருத்திவிட்டார்கள், யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. நீதிபதி வாய்க்குள்ளே பேசுகிறார் என்று நான்தான் எல்லாரிடமும் சொன்னேன். அவர் வாய்க்குள்ளே பேசுகிறவர் அல்ல. அடுத்த வாரம் வேலையை விட்டேன்.

மூன்று வாரம் கதவைத் திறக்கவில்லை, பால்காரருக்குத் தவிர. அதுவும் நாய் இழுத்ததால்தான். பிறகு ஒரு நாள் இழுத்துப்போனபோது வாசலில் பாட்டு டீச்சர் நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை அவரே காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவர் பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார்:

"சார், அன்னிக்கு ஒரு மணி நேரமும் நாய் குரைச்சுது. நீங்க ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல. அதுக்கு மேல நாங்க எப்படி சார் கை தூக்காம இருக்கறது? எங்க அண்ணன் மகனுக்குத் தெரிஞ்ச காது டாக்டர் இருக்கார். நாளைக்குப் பத்து மணிக்கு. நாயையும் கூட்டிட்டு வாங்க, ஆனா உள்ள கொண்டுபோக வேணாம்."

போனேன். காது மெஷின் வந்து எட்டு நாளாகிறது. கண்டவை, கேட்டவை: தெருவில் ஓடும் வண்டிகளில் ஒன்றுகூட நல்ல வண்டி இல்லை. என் குளிர்சாதனப் பெட்டி முக்கி முனகிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. பாட்டு டீச்சருக்குப் பதினோரு மாணவிகள். ஒருத்திக்கும் சுருதி சேரவில்லை. டீச்சரிடம் சொன்னேன். மெஷினைக் கழற்றி வைத்துக்கொள்ளலாமே என்றார்.

உதவாக்கரையின் குரல் அதன் உருவத்தைவிடப் பெரியது. பாட்டும் ஊளையும் கலந்ததாக இல்லை. வெறும் குரைப்புதான், எந்தத் தெருவிலும் கேட்கலாம். எகிப்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாலும் சுருளவில்லை.

முப்பத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் இருந்தவன், தெரிந்தே ஒரு பொய்யான பதிவின்மேல் உட்கார்ந்திருக்க முடியுமா? சங்கத்துக்கு எழுதினேன்: என் நாய் குரைக்கிறது, தீர்மானம் எண் ஏழைத் திருத்தவும், ஏழு நாளில் நாயோடு நானும் வெளியேறத் தயார். செயலாளர் பதில் அனுப்பியிருக்கிறார். அப்படியே தருகிறேன்.

"தங்கள் கடிதம் கிடைத்தது. தீர்மானத்தைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்களின் கையெழுத்து தேவை. படிவம் எல்லா வீட்டுக்கும் கொண்டுபோகப்பட்டது. ஒருவரும் கையெழுத்திடவில்லை. முதலில் புகார் கொடுத்த உறுப்பினர், தமக்குப் பேனா கிடைக்கவில்லை என்று தெரிவித்தார். ஆகவே தங்கள் நாய் குரைக்காத இனமாகவே நீடிக்கிறது. அதனிடமிருந்து வருவதாகத் தாங்கள் குறிப்பிடும் சத்தத்தைச் சங்கம் பதிவு செய்ய இயலாது."

அத்தானின் முழங்காலை விசாரித்ததாகச் சொல். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

பி.கு. போன் மறுபடி வைத்தாயிற்று. எண் பழையதுதான். காலை ஏழு மணிக்கு முன்னால் கூப்பிட வேண்டாம். அந்த நேரத்தில் நாய் குரைக்கிறது.